படகு இன்ஜின் அறையின் தானியங்கித் தீயணைப்பான்: மொரீஷியஸ் துறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராண்ட் பே, துரூ தோ தூஸ், பிளாக் ரிவர் ஆகிய மூன்று துறைகளிலும் பாய்மரப் படகுகளின் டீசல் இன்ஜின்களைப் பார்ப்பது என் தொழில். சுற்றுலா ஏற்றும் கட்டமரான்களும் (இரட்டை உடல் படகுகள்) அதில் உண்டு. வேலை முடிந்து கை கழுவும்போது யாராவது ஒருவர் இன்ஜின் அறைக்குள் தொங்கும் அந்தச் சிவப்பு சிலிண்டரைக் காட்டி ஏதாவது கேட்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த ஸ்கிப்பர்களும் கேட்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளும் கேட்கிறார்கள். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் தாள் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் பலர் அதைப் படிப்பதே இல்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இன்ஜின் மேலே சிவப்பா ஒண்ணு தொங்குதே, அது என்ன? யாரு அதை அடிக்கணும்?

அது தானாகவே அடிக்கும் தீயணைப்பான். யாரும் தொட வேண்டாம். சிலிண்டருக்குள் தீயணைக்கும் வாயு அழுத்தத்தில் அடைத்திருக்கும். வாய்ப்பகுதியில், பாதித் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கண்ணாடி பல்பு இருக்கும். அதற்குள் நிறத் திரவம். இன்ஜின் அறையில் தீப்பிடித்துச் சூடு ஏறும்போது அந்தத் திரவம் விரிந்து கண்ணாடியை உடைக்கும். பல்பு தாங்கிக்கொண்டிருந்த வால்வு திறந்து, பத்து விநாடிக்குள் வாயு முழுவதும் அறையில் கொட்டிவிடும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. நீங்கள் படகில் இல்லாத இரவிலும் வேலை செய்யும். சில மாதிரிகளில் கையால் இழுத்து அடிக்க ஒரு கேபிளும் சேர்த்திருப்பார்கள்.

அந்த வாயு ஆக்ஸிஜனை விரட்டித் தீயை அணைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை. இப்போது படகுகளில் வரும் வாயுக்கள் பெரும்பாலும் தீயின் சூட்டை உறிஞ்சித்தான் அதை அணைக்கின்றன. அறைக்குள் காற்றோடு கலந்து குறிப்பிட்ட அளவு செறிவில் நின்றால்தான் அது நடக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகப் புரியும்.

கையில பிடிச்சு அடிக்கிற தீயணைப்பான் ரெண்டு இருக்கே. அது போதாதா?

கையில் பிடிப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் அதை அடிக்க இன்ஜின் அறை மூடியைத் திறக்க வேண்டும். திறந்த நொடியில் புதுக் காற்று உள்ளே போகும். அடங்கிக் கிடந்த தீ உங்கள் முகத்துக்கு எழும்பும். பாய்மரப் படகில் இன்ஜின் படிக்கட்டுக்குக் கீழேயோ படுக்கைக்குக் கீழேயோ இருப்பதால், புகை வெளியே வரும்வரை உள்ளே தீ இருப்பதே தெரியாது.

உள்ளே தீ எப்படி வரும் என்று கேட்பவர்களும் உண்டு. நான் பார்த்த வரை மூன்று வழிகள். டீசல் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து, டீசல் புகை மாதிரி பீய்ச்சி, சூடான எக்ஸாஸ்டில் படுவது ஒன்று. டீசலுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. சுமார் 210 டிகிரி சூட்டிலேயே தானாகப் பற்றும். குளிர்விக்கும் கடல் தண்ணீர் வந்து கலக்கும் இடத்துக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். கடல் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) போய், தண்ணீர் வராமல் எக்ஸாஸ்டின் ரப்பர் குழாய் காய்ந்து உருகுவது இரண்டாவது. உரசி உரசித் தோல் போன பேட்டரி கேபிள் மூன்றாவது.

மூடியில் மூடுபலகையோடு சின்னத் துவாரம் ஒன்று இருந்தால், மூடியைத் திறக்காமலே கைத் தீயணைப்பானின் வாயை அதில் நுழைத்து அடிக்கலாம். உங்கள் படகில் அது இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு.

கேஜ் முள்ளு பச்சையிலதான் நிக்குது. அப்புறம் எதுக்கு சர்வீஸ்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முள்ளை நம்பாதீர்கள், தராசில் வையுங்கள். சிலிண்டருக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று தீயை அணைக்கும் வாயு, உள்ளே அது திரவமாக இருக்கும். மற்றொன்று அதை வெளியே தள்ளுவதற்காக அடைத்த நைட்ரஜன். கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்தை மட்டுமே. அணைக்கும் சரக்கு எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது. தவிர, வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். மதியம் இரண்டு மணிக்கு, இன்ஜின் ஓடி நின்ற சூட்டில் பார்த்தால் குறைந்துபோன சிலிண்டரும் பச்சையில் நிற்கும். அதனால் கேஜைக் காலையில், இன்ஜின் போடுவதற்கு முன் பாருங்கள்.

எடை போடுவது சுலபம். சிலிண்டரின் தாளில் மொத்த எடையும் உள்ளே இருக்கும் சரக்கின் எடையும் அச்சிட்டிருக்கும். மொத்தம் 4.20 கிலோ, சரக்கு 1.80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும் என்பது பொதுவான அளவு. 1.80 கிலோவில் 5 சதவீதம் 90 கிராம். ஆகவே தராசு 4.11 கிலோவுக்குக் கீழே காட்டினால் அந்த சிலிண்டரை சர்வீஸுக்கு அனுப்புங்கள். பிராக்கெட்டைக் கழற்றி எடை போட வேண்டுமா, சேர்த்தா என்பதையும் தாளிலேயே சொல்லியிருப்பார்கள்.

மீன் நிறுக்கும் தொங்கு தராசு இதற்கு ஆகாது. 50 கிராம், 100 கிராம் என்று தாவுகிற தராசில் நாம் தேடும் குறையே தெரியாது. 10 கிராம் துல்லியமாவது காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குத் தருவார்.

எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை எடை போடணும்?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்பார்களே, அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காக நான் நாள் குறித்தே வைத்திருக்கிறேன்: தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் ஒரு முறை, ஆடி பிறந்ததும் ஒரு முறை. சனவரி, பிப்ரவரி புயல் மாதங்கள் என்பதால் அப்போது படகு கட்டிக் கிடக்கும் நாட்கள் எப்படியும் இருக்கும்.

எடை போடும்போதே சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிராக்கெட்டும் சிலிண்டரும் தொடும் இடத்தில்தான் உப்பு தங்கி அரிக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தால் விரலால் சுரண்டுங்கள். உள்ளே குழி விழுந்திருந்தால் அந்த சிலிண்டரைத் திரும்ப நிரப்பக் கூடாது. அப்புறம் பல்பு. கரி, எண்ணெய் படிந்திருந்தால் மென்மையான துணியால் துடைக்கலாம். திரவத்தின் நிறம் போய்க் காலியாகத் தெரிந்தால் கண்ணாடியில் கீறல் விழுந்து திரவம் கசிந்துவிட்டது என்று பொருள். அது இனி தீ வந்தாலும் உடையுமா என்பது உறுதியில்லை. இன்ஜின் அறைக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் பல்பு மேலும் ஒரு கை அடித்துவிடுவதை இரண்டு படகில் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் பட்ட பல்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

புதுசு வாங்கப் போறேன். கடையில மூணு அளவு இருக்கு. எதை எடுக்கிறது?

இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்று பார்க்க வேண்டாம், அறை எத்தனை கன மீட்டர் என்று பாருங்கள். டேப் எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்குங்கள். 1.4 மீட்டர், 1.1 மீட்டர், 0.9 மீட்டர் என்றால் சுமார் 1.39 கன மீட்டர். சிலிண்டரின் தாளில் எத்தனை கன மீட்டர்வரை தாங்கும் என்று போட்டிருக்கும். உங்கள் கணக்குக்கு அடுத்த பெரிய அளவை எடுங்கள். இன்ஜின் பாதி இடத்தை அடைத்திருக்கிறதே என்று அதைக் கழிக்காதீர்கள்.

ஒன்று மறந்துபோகும். இன்ஜின் அறையிலிருந்து பக்கத்து அறைக்குக் கை நுழையும் அளவுக்குத் திறப்பு இருந்தால், வாயு அங்கேயும் பரவும். ஒன்று, அதை அடைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அறையையும் சேர்த்து அளக்க வேண்டும். அடைப்பதே மேல். கேபிள் போகும் ஓட்டைகளைத் தீயைத் தாங்கும் சீலண்டால் நிரப்புங்கள். பல படகுகளில் சுவருக்கு மறுபக்கம்தான் ஆள் படுக்கிறார்.

பெரிசு விலை ரொம்ப ஜாஸ்தி. சின்னதா ரெண்டு மாட்டினா கணக்கு ஒண்ணுதானே?

ஒன்றில்லை. இரண்டு பல்புகளும் ஒரே நொடியில் உடையாது. தீக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் உடையும். அந்த வாயு அறையைக் கொஞ்சம் குளிரவைக்கும். அதனால் இரண்டாவது உடையாமலே நிற்கும். பாதிச் சரக்கில் தேவையான செறிவு வராது, தீ மறுபடி எழும். அது இரண்டாவதை உடைக்கும்போது முதல் வாயு பாதி வெளியே போயிருக்கும். ஒரு அறைக்கு, அந்த அறை முழுவதற்கும் போதுமான ஒரே சிலிண்டர்.

பவுடர் வச்ச ஆட்டோமேட்டிக் பாதி விலைக்குக் கிடைக்குதே?

கிடைக்கிறது. தீயையும் அணைக்கும். வேறு வழியில்லாத சின்னப் படகுக்கு எதுவுமே இல்லாததைவிட அது நல்லது. ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாயு மூலை முடுக்கெல்லாம் போய் நிற்கும். பவுடர் பட்ட இடத்தில்தான் படும், இன்ஜினின் மறுபக்கம் எரிந்தால் எட்டாது. படகின் அதிர்வில் பவுடர் அடியில் கட்டியாக இறுகும். அடித்த பிறகு அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஒயர் முனைகள் எல்லாவற்றையும் அரிக்கும். சின்னத் தீயில் தப்பிய இன்ஜினைப் பவுடர் கெடுத்துவிடும்.

அழுத்தமில்லாத ஏரோசால் டப்பாக்களும் வருகின்றன. பொட்டாசியம் உப்பை எரித்து மென்தூளாக வெளியே விடுபவை. எடை போடும் வேலை இல்லை, 10 முதல் 15 ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். சிறிய அறைக்கு நல்லதுதான். ஆனால் அடிக்கும்போது வாய் மிகவும் சூடாகும், எதிரே டீசல் குழாய் இருக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தானியங்கியை மட்டும் ஆள் படுக்கும் படகில் மாட்டாதீர்கள். தீயை அணைக்கத் தேவையான செறிவில் அது ஆளையும் கொன்றுவிடும்.

எஃப்எம்-200, நோவெக் அப்படீன்னு ரெண்டு சொல்றாங்க. எது நல்லது?

இரண்டும் வேலை செய்யும். எஃப்எம்-200 என்பது எச்எஃப்சி-227இஏ என்ற வாயுவின் வணிகப் பெயர். ஓசோனுக்குக் கேடு இல்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல். மாண்ட்ரியல் ஓசோன் உடன்படிக்கைக்கு 2016இல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி உலக நாடுகள் இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்து வருகின்றன. நோவெக் 1230 என்று விற்றது எஃப்கே-5-1-12 என்ற திரவம். அதன் வெப்பமாக்கும் தன்மை மிக மிகக் குறைவு. அதைச் செய்த 3எம் நிறுவனம் 2025 இறுதிக்குள் அந்த வகை வேதிப்பொருட்களின் உற்பத்தியை விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அதே சரக்கை வேறு நிறுவனங்கள் செய்கின்றன. ஆகவே பெயரைத் தேடாமல் எஃப்கே-5-1-12 என்று கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்கினால் நான் எஃப்கே-5-1-12 பக்கம்தான் சாய்வேன். நல்ல நிலையில் இருக்கும் எஃப்எம்-200 சிலிண்டரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை, ஆயுள் முடியும்வரை வைத்திருங்கள். ஒன்றில் இருந்த சிலிண்டரில் மற்றொன்றை நிரப்ப முடியாது.

பழைய படகு ஒண்ணு வாங்கினேன். சிலிண்டர்ல ஹாலோன் 1301ன்னு எழுதியிருக்கு. ரொம்ப நல்ல சரக்குன்னு பெரியவங்க சொல்றாங்க?

தீயை அணைப்பதில் நல்ல சரக்குதான், பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஓசோன் படலத்தைக் கெடுப்பதில் அது பழைய ஏ.சி. வாயுவான சிஎஃப்சி-11ஐப் போலப் பத்து மடங்கு. மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றது, வளரும் நாடுகளில் 2010இல். உங்கள் சிலிண்டர் அத்தனை பழசு. வால்வு, ரப்பர், பல்பு எல்லாம் அந்த வயதுதான். அதை நம்பிக் கடலில் போகாதீர்கள்.

தயவுசெய்து வெளியே திறந்துவிடாதீர்கள். வாயில் மூடி திருகி, நிமிர்த்திக் கட்டி, தீயணைப்பான் சர்வீஸ் செய்யும் நல்ல இடத்தில் ஒப்படையுங்கள். வாங்க மறுத்தால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஓசோன் விஷயத்தைப் பார்க்கும் பிரிவில் கேளுங்கள்.

நம்ம ஊரு வெயில்ல அந்தப் பல்பு தானா உடைஞ்சிடாதா?

சரியான பல்பு என்றால் உடையாது. நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு 57 டிகிரியில் உடையும், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. கட்டடங்களின் கூரையில் இருப்பது பெரும்பாலும் சிவப்பு. இன்ஜின் அறைக்கு வழக்கமாக வருவது 79 டிகிரி மஞ்சள். கோடையில் ஐந்து மணி நேரம் ஓடி நின்ற இன்ஜினின் அறை, புளோயர் (சூட்டுக் காற்றை வெளியே தள்ளும் விசிறி) இல்லாவிட்டால் 60 டிகிரியை நெருங்கும். அங்கே ஆரஞ்சோ சிவப்போ வைத்தால் தீயில்லாமலே உடையக்கூடும். மலிவாகக் கிடைத்தது என்று கட்டடத்துக்கான சிலிண்டரை வாங்கி மாட்டியவர்களுக்கு இது நடந்திருக்கிறது.

எந்த இடத்துல மாட்டுறது?

உயரத்தில். சூடு மேலே எழும், பல்பு அதை முதலில் உணர வேண்டும். வாயுவோ காற்றைவிடப் பல மடங்கு கனம், மேலிருந்து விட்டால்தான் இறங்கிப் பரவும். எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே வேண்டாம். காற்று உள்ளே வரும் துளைக்கு எதிரேயும் வேண்டாம். குளிர்ந்த காற்று பல்பை ஏமாற்றிவிடும்.

நிமிர்த்தி மாட்டுவதா, படுக்கவைப்பதா என்பது சிலிண்டரைப் பொறுத்தது. உள்ளே உறிஞ்சு குழாய் இருக்கிற வகையை மாற்றிப் படுக்கவைத்தால், பாதிச் சரக்கு உள்ளேயே நின்றுவிடும். தாளில் படம் போட்டிருக்கும். பிராக்கெட்டை ஃபைபர் சுவரில் திருகு ஆணியால் மட்டும் பிடிக்காமல், பின்னால் பலகை வைத்துப் போல்ட் போடுங்கள். அலையில் ஒரு சிலிண்டர் கழன்று இன்ஜின் பெல்ட் மேல் விழுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

தீ பிடிச்சா சிலிண்டர் அணைச்சிடும். இன்ஜினை எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க?

இன்ஜின் எங்கிருந்து காற்றை இழுக்கிறது? அதே அறையிலிருந்துதான். இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இரண்டு லிட்டர் இழுக்கும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 2,400 லிட்டர், அதாவது 2.4 கன மீட்டர். மேலே அளந்த 1.39 கன மீட்டர் அறையை அது 35 விநாடியில் காலி செய்துவிடும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வாயு எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போகும். புளோயர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் இதையே செய்யும்.

அதனால்தான் நல்ல அமைப்பில் சிலிண்டரோடு ஒரு அழுத்த ஸ்விட்ச் வரும். சிலிண்டர் காலியாகி அழுத்தம் விழுந்ததும் அது ஓட்டுநர் இடத்தில் எரியும் பச்சை விளக்கை அணைக்கும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மூலம் இன்ஜினையும் புளோயரையும் நிறுத்தும். சிலிண்டரை மட்டும் வாங்கி ரிலேயை விட்டவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். ரிலே வைக்க முடியாவிட்டால் விளக்காவது வையுங்கள். எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தால் உடனே இன்ஜினையும் புளோயரையும் நிறுத்த வேண்டும் என்று படகில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சிலிண்டரைக் கழட்டி எடை போட்டு மாட்டினேன். இப்ப இன்ஜின் ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது!

அழுத்த ஸ்விட்சின் ஒயரைத் திரும்ப மாட்டவில்லை, அல்லது சரியாக உட்காரவில்லை. முந்தைய பதிலில் சொன்ன ரிலே, சிலிண்டர் காலி என்று நினைத்துக்கொண்டு இன்ஜினைத் தடுக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் இதே நிலையில் டீசல் வடிகட்டி, பம்ப் எல்லாம் கழற்றி ஒரு காலை முழுவதும் போக்கினேன். பயணிகள் கரையில் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து சிலிண்டரைத் தொட்ட படகில் முதலில் அந்த இரண்டு ஒயரைத்தான் பார்ப்பேன்.

ரிலே பெட்டியிலோ ஓட்டுநர் இடத்திலோ, ரிலேயின் தடையைத் தாண்டி இன்ஜினை ஓட்ட ஓவர்ரைடு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். தீ அணைந்த பிறகு, பவளப் பாறைப் பக்கம் அடித்துப் போகாமல் தப்ப இன்ஜின் தேவைப்பட்டால் அதைப் போட்டு ஓட்டலாம். அதை நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கும் படகுகளும் உண்டு. அப்படிச் செய்தால் ரிலே வாங்கிய காசு வீண், ஆபத்து பழையபடிதான்.

எங்க இன்ஜின் பழசு. கேபிளை இழுத்தாத்தான் நிக்கும். ரிலே மாட்டினா வேலை செய்யுமா?

அப்படியே மாட்டினால் செய்யாது. இன்ஜின் நிற்பதில் மூன்று விதம் இருக்கிறது. மின்சாரம் நின்றால் நிற்பது, மின்சாரம் கொடுத்தால் நிற்பது, கேபிள் இழுத்தால் நிற்பது. முதல் வகைதான் ரிலேக்குப் பொருத்தம். தீயில் ஒயர் எரிந்தாலும் இன்ஜின் நின்றுவிடும். இரண்டாம் வகையில் ஒயர் முதலில் எரிந்துவிட்டால் நிறுத்த வழியில்லை, ஆகவே அந்த ஒயரைத் தீ தாங்கும் உறைக்குள் கொண்டுபோக வேண்டும். கேபிள் வகைக்கு டீசல் குழாயில் மின்வால்வு ஒன்று சேர்க்கலாம், ஆனால் குழாயில் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரை இன்ஜின் சற்று நேரம் ஓடும்.

எந்த வகையானாலும், இன்ஜின் அறைக்கு வெளியே கை எட்டும் இடத்தில் டீசலை மூடும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதி ஸ்கிப்பர்கள் யோசிக்கிறார்கள். யோசிக்காமல் கை போக வேண்டிய இடம் அது.

நிஜமாவே அடிச்சிட்டா நாங்க என்ன செய்யணும்?

மூடியைத் திறக்காதீர்கள். இதைத்தான் முதலில் சொல்வேன், கடைசியிலும் சொல்வேன். இன்ஜின், புளோயர் நிறுத்துங்கள். டீசல் வால்வை மூடுங்கள். பேட்டரி மெயின் ஸ்விட்சை அணைக்கும் முன் ரேடியோவில் சேனல் 16இல் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். பல படகில் ரேடியோவும் அதே பேட்டரிதான். கையடக்க ரேடியோ இருந்தால் அந்தக் கவலை இல்லை. பயணிகளை முன்பக்கம் அனுப்பி லைஃப் ஜாக்கெட் போடவையுங்கள். பவளப் பாறைக்கு உள்ளே ஆழம் குறைந்த இடமானால் நங்கூரம் போடுங்கள். குவான் தெ மீர், இலோ காப்ரியேல் தீவுகள் பக்கம் வெளிக்கடலில் என்றால் பாயைப் பிரித்து, புகை ஆட்கள் பக்கம் வராதபடி திருப்புங்கள்.

குறைந்தது 15 நிமிடம் மூடியபடியே விடுங்கள். இன்ஜினின் இரும்பு இன்னும் சூடாக இருக்கும், சீக்கிரம் திறந்தால் வாயு வெளியேறி டீசல் மறுபடி பற்றும். புறங்கையால் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடு குறைந்திருந்தால், கையில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு, முகத்தை ஒதுக்கி, மெல்லத் திறவுங்கள்.

அந்த வாயு மூச்சுல போனா ஆபத்தா?

எஃப்எம்-200, எஃப்கே-5-1-12 இரண்டும், சரியான அளவில், சும்மா வெளியானால் ஆளுக்குப் பெரிய கேடில்லை. வெளியே வந்து நல்ல காற்றை சுவாசித்தால் போதும். ஆனால் அவை நெருப்பில் படும்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகிறது. கண், மூக்கு, நுரையீரலை அரிக்கும் நஞ்சு அது. எரிச்சலான நெடி அடித்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. நெடியை இழுத்துவிட்டவருக்கு இருமலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால், தேறிவிட்டார் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 114இல் அழையுங்கள்.

இன்ஜின் அறையின் மறுபக்கம் ஆள் படுக்கும் படகில் ஓட்டைகளை அடைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

கட்டமரான்ல ரெண்டு இன்ஜின் ஆச்சே. ஒரு சிலிண்டர்ல ரெண்டு பக்கமும் பைப் இழுக்கலாமா?

வேண்டாம். இரண்டு அறை, இரண்டு சிலிண்டர், இரண்டு ரிலே. கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. படகின் இரண்டு உடல்களும் தனித்தனியாக நிற்பதுதான் அதன் பலம். வலது பக்கம் எரிந்தால் வலது இன்ஜின் மட்டும் நிற்க வேண்டும், இடது இன்ஜினில் கரை சேரலாம். ஒயரிங் செய்பவர் இரண்டையும் ஒரே ரிலேயில் சேர்த்துவிட்டால் அந்த வசதி போய்விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு பக்கத்து அழுத்த ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு இன்ஜின் மட்டும் நிற்க வேண்டும்.

இன்டர்நெட்ல ஆர்டர் பண்ணா மலிவா வருமே?

அழுத்தத்தில் இருக்கும் தீயணைப்பான் சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள், ஐ.நா. எண் 1044. சாதாரண விமானப் பார்சலில் எடுக்க மாட்டார்கள். கப்பலில் வரும், அதற்குத் தனிக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. புறப்படும் முன் இரண்டையும் கேட்டுச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எடை போடுங்கள்.

பல்பு மட்டும்தான் போச்சு. நானே வாங்கி மாத்திக்கலாமா?

கூடாது. அழுத்தம் நிறைந்த வால்வை அந்தப் பல்பு ஒன்றுதான் பிடித்திருக்கிறது. ஸ்பேனர் வைத்தால் சிலிண்டர் கையிலேயே வெடித்துக் கிளம்பும். கழற்றி எடை போடுவது, துடைப்பது, மாட்டுவது உங்கள் வேலை. வால்வு, பல்பு, நிரப்புதல், சிலிண்டரின் அழுத்தச் சோதனை எல்லாம் அதற்கான கருவி வைத்திருப்பவர் வேலை. கொடுக்கும்போது உள்ளே எந்த வாயு என்று எழுதிக் கொடுத்து, திரும்ப வந்ததும் புது எடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எடை எழுதாமல் தேதி மட்டும் ஒட்டி வந்த சிலிண்டரை நான் வாங்கிக்கொள்வதில்லை.

இன்ஜின் ரூம்ல லித்தியம் பேட்டரி வச்சிருக்கோம். அதையும் இது அணைக்குமா?

சுற்றிலும் எழும் சுடரை அணைக்கலாம். பேட்டரிக்குள் தொடங்கிய சூட்டை நிறுத்தாது, அது மறுபடி மறுபடி பற்றும். பேட்டரியை அங்கிருந்து மாற்றுங்கள். அந்த அறையின் சூடே அதற்கு ஆகாது.

தீயே இல்லை. பையன் கால் வச்சு பல்பு உடைஞ்சு காலியாயிடுச்சு. நாளைக்கு முப்பது பேர் புக்கிங். ஒரு நாள்தானே, போகலாமா?

போக வேண்டாம் என்பதுதான் என் பதில். பயணிகளை ஏற்றும் படகு, சுற்றுலா ஆணையத்தின் உரிமத்தில் ஓடுகிறது. காப்பீட்டுத் தாளில் தீயணைப்பான் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும்விட, அந்த முப்பது பேருக்குத் தங்கள் காலுக்குக் கீழே காலி சிலிண்டர் இருப்பது தெரியாது. வேறு படகுக்காரரிடம் பேசி அவர்களை மாற்றிவிடுங்கள். நாளை அவருக்கு இதே நிலை வந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இரண்டு படகுக்காரர்கள் இப்படி ஒருவருக்கொருவர் பல ஆண்டாகச் செய்துவருகிறார்கள்.

காலியான சிலிண்டரை அன்றே சர்வீஸுக்குக் கொடுங்கள். அது திரும்ப வரும்வரை, அழுத்த ஸ்விட்ச் ஒயரை இணைத்து ஏமாற்றி இன்ஜினை ஓட்டச் சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள், வர மாட்டேன். படகைத் துறைக்குள் இடம் மாற்ற மட்டும் ஓவர்ரைடு ஸ்விட்ச் போதும். பல்பைச் சுற்றி ஒரு கம்பி வலைக் கூண்டும் கேட்டு வாங்குங்கள். சில மாதிரிகளுக்குத் தயாரிப்பாளரே தருகிறார். காற்று உள்ளே போகும், கால் போகாது.